முதலில் கால், பிறகு கேமரா

1981, திபெத்தின் லாசா நகரம். மலையேற்றக் குழுவினர் இரவுச் சாப்பாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் வானவில் ஒன்று எழுந்தது. அது போட்டாலா அரண்மனையை விட்டு விலகி நின்றது. அந்தக் குழுவில் இருந்த அமெரிக்கர் கேலன் ரோவெல், வானவில்லின் கால் அரண்மனைக் கூரைமேல் விழ வேண்டுமானால் தான் எங்கே நிற்க வேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சுமார் ஒரு மைல் தூரம். லாசா இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,650 மீட்டர் உயரத்தில். மூச்சுக்கு மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான் கிடைக்கும். புதிதாக வந்தவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கும் ஊர் அது.

ஓடி முடித்தபோது கணக்குப் பலித்திருந்தது. இருண்ட மலைப் பின்னணியில், வெயில் பட்டு மின்னும் அரண்மனையின் உச்சியிலிருந்தே வானவில் கிளம்புவதுபோல அமைந்த அந்தப் படம், பயணப் புகைப்படக் கலையில் மிக அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்றாகிவிட்டது. முதல்முறை பார்ப்பவர் இதை ஒட்டுவேலை என்றே நினைப்பார். உண்மையில் அது ஓட்டத்தின் வேலை.

எப்படிச் சாத்தியமானது? வானவில் ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் பொருளல்ல. சூரியனுக்கு நேரெதிர்த் திசையை மையமாக வைத்து, பார்ப்பவரின் கண்ணிலிருந்து சுமார் 42 பாகைக் கோணத்தில் அது தெரிகிறது. பார்ப்பவர் நகர்ந்தால் வில்லும் கூடவே நகரும், அரண்மனை நகராது. ஆகவே சரியான திசையில் போதுமான தூரம் ஓடினால் இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்துவிடலாம். இந்த இயற்பியல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. மேகம் கலைவதற்குள் அந்த உயரத்தில் அந்தத் தூரத்தைக் கடக்கும் நுரையீரல்தான் பாடத்தில் கிடைக்காதது. கிரிக்கெட்டில் பந்து விழும் இடத்துக்குக் கால் போய்ச் சேர்ந்த பிறகே மட்டைக்கு வேலை வருகிறது. ரோவெலின் படங்களையும் அப்படித்தான் அலச வேண்டும். அவருடைய கலையின் அடிப்படை கால் நகர்வு.

அந்தக் கால்கள் கலிஃபோர்னியாவின் மலைகளில் பழகியவை. ரோவெல் பிறந்தது 1940-இல். தாய் மார்கரெட் ரோவெல் பெயர்பெற்ற செல்லோ இசை ஆசிரியை. தந்தை பல்கலைக்கழகப் பேராசிரியர். மகனோ கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, கார் பழுதுபார்க்கும் கடை நடத்தினார். வாரக் கடைசியானால் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகள். ஏறிய இடங்களை நண்பர்களுக்குக் காட்டத்தான் கேமராவைக் கையில் எடுத்தார். 1972-இல் கடையை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆனபோது வயது 30-ஐத் தாண்டியிருந்தது.

அடுத்த ஆண்டே வாய்ப்பு வந்தது. டக் ராபின்சன், டெனிஸ் ஹென்னெக் ஆகியோருடன் ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தில் ஏறினார். சுமார் 600 மீட்டர் உயரச் சுவர். பாறையில் ஆணி அடிக்காமல், இடுக்குகளில் செருகி, பிறகு எடுத்துவிடக்கூடிய உலோகத் துண்டுகளை மட்டுமே பிடிமானமாக வைத்து அந்த வழியில் செய்யப்பட்ட முதல் ஏற்றம் அது. 1974 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைக் கட்டுரையாக அது வெளிவந்தது. படம் எடுத்தவரும் அதே கயிற்றில் தொங்கியவர் என்பதுதான் அதில் புதுமை. வெளியிலிருந்து பார்க்கும் பார்வையாளனாக இல்லாமல், ஆட்டத்துக்குள் இருக்கும் வீரனாகவே படமெடுப்பது என்ற வழியை ரோவெல் கடைசிவரை விடவில்லை.

1973-இல் எடுத்த இன்னொரு படத்திலும் இதே ஆட்டத்தைக் காணலாம். யோசெமிட்டியின் எல் காப்பிடான் பாறையில் ஹார்ஸ்டெயில் என்ற மெல்லிய அருவி உண்டு. பிப்ரவரியின் பிற்பாதியில், வானம் தெளிவாக இருக்கும் சில மாலைகளில் மட்டும், சாயும் வெயில் அந்த நீரில் பட்டு நெருப்புக் குழம்பு வழிவதுபோலத் தெரியும். அந்த ஒளியைக் கண்டதும் சரியான கோணத்தைத் தேடி விரைந்து, சில நிமிடங்களுக்குள் வண்ணத்தில் பதிவுசெய்தார் ரோவெல். இன்று அதே இடத்தில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆயிரக்கணக்கானோர் கேமராவோடு கூடுகிறார்கள். பூங்கா நிர்வாகம் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் இல்லாத காலத்தில் அவர் அங்கே போய் நின்றார்.

கருவி விஷயத்திலும் அவருடையது ஓட்டக்காரனின் தேர்வு. அவருக்கு முந்தைய தலைமுறையின் ஆன்சல் ஆடம்ஸ் பெரிய கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, பொறுமையாகக் காத்திருந்து படமெடுத்தவர். ரோவெல் கையிலெடுத்தது 35 மில்லிமீட்டர் நிக்கான். எடை குறைந்த உடல், ஒன்றிரண்டு லென்ஸ், ஓடும்போது குலுங்காதபடி மார்போடு கட்டிய பை. ஸ்லைடு ஃபிலிமின் பலவீனத்தையும் அவர் துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார். வெயில் படும் சிகரத்தையும் நிழலில் கிடக்கும் புல்வெளியையும் கண் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். ஃபிலிமுக்கு அந்த வீச்சு கிடையாது. மேல்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும் ஃபில்டரை லென்ஸுக்கு முன் வைத்து அந்த இடைவெளியைக் குறைத்தார். சிங்-ரே நிறுவனம் அவர் பெயரிலேயே அத்தகைய ஃபில்டர்களை வெளியிட்டது. கணினித் திருத்தம் பரவலாவதற்கு முன், மலைப்படக்காரர் பலரின் பையில் இருந்த பொருள் அது.

குறைகள் இல்லாமல் இல்லை. வண்ணம் தூக்கலாகத் தெரியும் ஃபிலிம்களையும் அந்தியின் செவ்வொளியையும் அவர் விரும்பியதால், சில படங்கள் நாள்காட்டிப் படம்போல இனித்துக் கிடக்கின்றன. மலையின் அழகு தெரிகிறது. அங்கே வாழ்பவரின் கஷ்டம் அந்த ஒளியில் மறைந்துபோகிறது. அவருடைய வளர்ச்சியை மதிப்பிட, இந்தக் குறையை அவர் எப்படிக் கடந்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் அவருடைய கணக்குப் புத்தகம் முழுக்கச் சாதனைகள்தான். 1977-இல் காரகோரத்தின் கிரேட் டிராங்கோ கோபுரத்தில் முதல் ஏற்றம். 1978-இல் நெட் கில்லெட்டுடன் அலாஸ்காவின் 6,190 மீட்டர் தெனாலி சிகரத்தை ஒரே நாளில் தொட்டது. 1982-இல் நேபாளத்தின் சோலாட்சே சிகரத்தில் முதல் ஏற்றம். நடுவே சறுக்கல்களும் உண்டு. 1975-இல் கே2 சிகரத்துக்குப் போன அமெரிக்கக் குழு உட்பூசலால் பிளவுபட்டுத் தோற்றுத் திரும்பியது. தோல்வியை மூடி மறைப்பது அன்றைய மலையேற்ற நூல்களின் வழக்கம். ரோவெல் 1977-இல் வெளியிட்ட நூலில் அந்தச் சண்டைகளை அப்படியே எழுதினார். மலையை மட்டுமல்ல, மலைக்குப் போகும் மனிதரையும் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

திபெத் அந்தப் பார்வையை விரிவாக்கியது. 1981-இல் வானவில்லைத் துரத்தியவர், 1990-இல் தலாய் லாமாவின் எழுத்துடன் தன் படங்களைச் சேர்த்து ‘மை திபெத்’ நூலைக் கொண்டுவந்தார். இடையில் 1984-இல் சியரா கிளப் என்ற அமைப்பு அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான ஆன்சல் ஆடம்ஸ் விருதை வழங்கியிருந்தது. காட்டு விலங்குகளின் அழிவும் ஒரு மக்களின் இழப்பும் அவருடைய படப் பட்டியலில் சிகரங்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன.

அவர் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் கடைசி ஆட்டம்தான். 2002-இல் ரிக் ரிட்ஜ்வே, கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின் ஆகியோருடன் திபெத்தின் சாங்தாங் பீடபூமிக்குப் போனார். ஷாதூஷ் சால்வைக்காகக் கொன்று குவிக்கப்பட்ட சிரு மான்கள் எங்கே குட்டி போடுகின்றன என்பதைத் தேடி ஆவணப்படுத்துவது நோக்கம். அந்த மானின் மயிர் கத்தரித்து எடுப்பதல்ல. மானைக் கொன்றே எடுப்பார்கள். பாதையே இல்லாத நிலத்தில், இரு சக்கர வண்டிகளில் உணவையும் கருவிகளையும் ஏற்றி, நால்வரும் தாங்களே இழுத்துக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். ரோவெலுக்கு வயது 61, சின்னுக்கு 28. மான்கள் ஈனும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பயணத்தில் தொட வேண்டிய சிகரம் எதுவும் இல்லை. பல பத்தாண்டுகளாகப் பழக்கிய கால்கள் முதல்முறையாக முழுக்க முழுக்க இன்னோர் உயிருக்காக நடந்தன.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று கலிஃபோர்னியாவின் பிஷப் நகரருகே நடந்த விமான விபத்தில் ரோவெலும் மனைவி பார்பராவும் இறந்தார்கள். சாங்தாங் கட்டுரை அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வெளிவந்தபோது அவர் இல்லை.

அந்தப் பயணத்தில் இளையவராக வண்டியிழுத்த ஜிம்மி சின், ரோவெலின் வழியை இன்னோர் அடி நகர்த்தினார். 2017 ஜூன் 3 அன்று மலையேறி அலெக்ஸ் ஹானல்ட் கயிறில்லாமல் எல் காப்பிடானில் ஏறியதைப் படமாக்கிய சின்னின் ‘ஃப்ரீ சோலோ’ குழுவில், பாறையில் தொங்கிப் படமெடுத்தவர்கள் தேர்ந்த மலையேறிகள். ஆனால் மிக ஆபத்தான பகுதியில் ஆள் நின்றால் ஹானல்டின் கவனம் சிதறக்கூடும் என்பதால், அங்கே தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களைப் பொருத்திவிட்டு விலகிக்கொண்டார்கள். 2019-இல் ஆஸ்கர் வென்ற அந்தப் படத்தில், ஆட்டத்துக்குள் இறங்கிப் படமெடுக்கும் ரோவெலின் முறை ஓர் எல்லையைத் தொடுகிறது: செங்குத்துச் சுவரில் அத்தனை உயரம் ஏறத் தெரிந்தவர்களால்தான் அங்கே கேமராவை வைக்கவும் முடிந்தது, எந்த இடத்தில் தாங்கள் இருக்கக்கூடாது என்று முடிவெடுக்கவும் முடிந்தது.