அரசரத்தினமும் சோழமண்டலக் கடற்கரையும்

சின்னப்பா அரசரத்தினம் (1930–1998) யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றுப் பேராசிரியர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, பேராதனையில் பாடம் சொல்லத் தொடங்கினார். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1970களிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருடைய ஆய்வின் மையக் கேள்வி இதுதான்: ஐரோப்பியக் கம்பெனிகள் வந்திறங்கியபோது சோழமண்டலக் கரையில் ஏற்கெனவே வாணிபம் செய்துகொண்டிருந்தவர்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள்?

அவருடைய முதல் நூல் 1958இல் வெளிவந்தது. 1658 முதல் 1687 வரை இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆதிக்கம் எப்படி வேரூன்றியது என்பதை ஆராயும் நூல் அது. அதற்காக அவர் கற்ற டச்சு மொழியே பிற்கால ஆய்வு முழுவதற்கும் சாவியாயிற்று. டச்சுக் கம்பெனி அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், துணிக் கொள்முதல் கணக்குகள் எல்லாம் லாபநட்டம் பார்க்க எழுதப்பட்டவை. வரலாறு எழுதும் நோக்கம் அவற்றில் இல்லை. ஆனால் எந்த வணிகர் எத்தனை கட்டுத் துணி தர ஒப்புக்கொண்டார், எவர் முன்பணம் வாங்கிக் கடன்பட்டார், எவர் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. டச்சு எழுத்தர்கள் கோணல்மாணலாக எழுதிவைத்த தமிழ், தெலுங்குப் பெயர்களை அடையாளம் காண அந்த மண்ணின் பேச்சு தெரிந்தவர் வேண்டும். அது அரசரத்தினத்துக்குக் கைவந்தது.

இந்த ஆய்வில் பழவேற்காட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாகப் போனால் ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி அந்த ஊர் வரும். 1610இல் அங்கே பண்டகசாலை அமைத்த டச்சுக்காரர்கள், போர்த்துகீசியர் அதை அழித்த பிறகு 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகம் இங்கிருந்தே நிர்வகிக்கப்பட்டது. இந்தக் கரையின் துணி ஜாவாவிலிருந்த பத்தாவியாவுக்கும், அங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் விளையும் தீவுகளுக்கும் போயிற்று. அந்தத் தீவுகளில் வெள்ளியைவிடத் துணிக்கே மதிப்பு.

கோட்டை இடிந்துபோயிற்று. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. அதன் வாசல் தூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே கல்பலகைகளில் டச்சுப் பெயர்கள் இன்றும் ஆழமாகத் தெரிகின்றன. அந்தக் கம்பெனிக்குத் துணி சேர்த்துக் கொடுத்த உள்ளூர் வணிகர்களுக்கு அங்கே கல் இல்லை. அச்சுதப்பச் செட்டி, அவருக்குப் பின் அவர் தம்பி சின்னண்ணன் ஆகியோரின் குடும்பத்தை டச்சு ஆவணங்கள் ‘மலையா’ என்ற பெயரால் குறிக்கின்றன. அவர்கள் கம்பெனிக்குத் தலைமை வணிகர்களாக இருந்தார்கள். சொந்தக் கப்பல்களில் சரக்கு அனுப்பினார்கள், குத்தகை எடுத்தார்கள், உள்நாட்டு நாயக்கர்களின் அரசியலிலும் கை வைத்தார்கள். ஆசியக் கடல் வாணிபம் சிறு மூட்டை வியாபாரிகளின் வேலை என்று டச்சு வரலாற்றாசிரியர் வான் லூர் எழுதியது பெரிதும் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கருத்து இந்தக் கரைக்குப் பொருந்தாது என்பதற்கு இந்தக் குடும்பம் ஒன்றே போதும்.

1660களில் டச்சுக்காரர்கள் வணிகர்களைப் பங்கு போடவைத்துக் கூட்டு முதலில் துணி கொள்முதல் செய்யும் அமைப்புகளை உருவாக்கினார்கள். பின்னர் சென்னையில் ஆங்கிலேயரும் அதைப் பின்பற்றினார்கள். ஒரே வணிகர் முறிந்துபோனால் கம்பெனியின் முன்பணமும் சேர்ந்து மூழ்கும் என்ற அச்சமே இதற்குக் காரணம். வணிகர்களுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. ஆனால் விலையைத் தாங்களே நிர்ணயிக்கும் வலு மெல்ல மெல்லக் கையை விட்டுப் போயிற்று. 1986இல் வந்த சோழமண்டல வணிகர்களையும் கம்பெனிகளையும் பற்றிய அவருடைய பெருநூல் 1650 முதல் 1740 வரையிலான இந்த மாற்றத்தைத் துறைமுகம் துறைமுகமாகக் காட்டுகிறது. தென்கிழக்கு ஆசியாவில் வாணிபம் செய்த சூலியா முஸ்லிம் வணிகர்கள் பற்றியும், பஞ்சக் காலங்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாக ஏற்றுமதியானது பற்றியும் அவர் தனிக் கட்டுரைகள் எழுதினார்.

அவருடைய எழுத்தில் மனதை அதிகம் தைப்பது நெசவாளர் பற்றிய 1980ஆம் ஆண்டுக் கட்டுரை. முன்பணம் வாங்கிய நெசவாளர், துணி நெய்ய விருப்பமில்லையென்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகருக்கு நெய்யலாம். ஊரையே விட்டுப் போகவும் செய்யலாம். அது அவர்களுடைய பழைய உரிமை. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆங்கிலக் கம்பெனி நாட்டின் ஆட்சியாளராகவும் ஆனதும் இடைத்தரகர்களை ஒதுக்கியது, தறிகளுக்கு மேல் தன் ஆட்களை நிறுத்தியது, அந்த உரிமையைப் பறித்தது. துணி வாங்குபவர் கையிலேயே அதிகாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தறிக்காரரின் பக்கம் நின்று அவர் காட்டினார்.

மலாயாவில் இருந்த ஆண்டுகளின் விளைவு, மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றி 1970இல் வந்த நூல். இலங்கையின் இனச் சிக்கல் பற்றியும் எழுதினார். 1982இல் வட இலங்கைத் தமிழரின் பொருளாதாரத்தின் வரலாற்று அடிப்படைகள் குறித்துத் தந்தை செல்வா நினைவுரை ஆற்றினார்.

தபன் ராய்சௌத்ரி 1962இல் டச்சுக் கம்பெனியின் சோழமண்டல வாணிபத்தை எழுதியபோது நூலின் மையம் கம்பெனிதான். அரசரத்தினம் அந்த மையத்தை வணிகர்களிடம் நகர்த்தினார். அவருடைய ஆய்விலும் ஒரு குறை இருக்கிறது. கம்பெனி ஆவணங்களில் வருபவர்கள் கம்பெனியோடு தொடர்பு வைத்தவர்களே. கம்பெனியின் கை எட்டாத உள்நாட்டுச் சந்தைகள் இந்தச் சித்திரத்தில் மங்கலாகவே உள்ளன. 1990இல் சஞ்சய் சுப்ரமணியம் தென்னிந்திய வணிகத்தின் அரசியல் பொருளாதாரத்தை எழுதியபோது போர்த்துகீசிய ஆவணங்களையும் சேர்த்துக்கொண்டார். எஸ். ஜெயசீல ஸ்டீபன் இந்தக் கரையின் துறைமுகங்களையும் உள்நாட்டையும் ஆராய்ந்திருக்கிறார். அரசரத்தினமும் கடைசிவரை நிறுத்தவில்லை. 17ஆம் நூற்றாண்டின் கடல்சார் இந்தியா பற்றிய நூல் 1994இல் வந்தது. 1750க்குப் பின் தென்கிழக்கு இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரம் கடல் வாணிபத்தை எப்படி விழுங்கியது என்பதைச் சொல்லும் நூல், அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1996இல் வெளிவந்தது.