நள்ளிரவில் தானே ஓடும் பம்ப்

குளியலறையில் யாரும் இல்லை. எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் ஊரடங்கிய நேரத்தில் பம்ப் 'டக்' என்று விழித்து, ஓரிரு நொடி உறுமிவிட்டு அடங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம். மும்பை செம்பூரில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில், மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். பிரஷர் பம்ப் மாட்டி, கீசரோடு சேர்த்து ஒரு மழைக்காலம் முழுக்கப் புழங்கியாகிவிட்டது. முதலில் எழுதத் தோன்றுவது இந்தச் சத்தத்தைப் பற்றித்தான்.

அரை குதிரைத்திறன், தாமிரச் சுற்று, பிரஷர் ஸ்விட்ச் போன்ற விவரங்கள் பெட்டி மேலேயே அச்சாகியிருக்கின்றன. வாங்கிய காரணம் எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். என் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே மூன்று மீட்டர்கூடத் தேறாது. அந்த அழுத்தத்தில் ஷவர் சொட்டும், பொழியாது. பம்ப் வந்த பிறகு இரண்டு பார் கிடைக்கிறது. தலையில் தண்ணீர் விழும் சுகம் என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மோட்டார் என்றால் எனக்குக் கோயம்புத்தூர்தான். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்த ஊர் அது. அந்த விசுவாசத்தில் தேடி வாங்கிய இந்த மோட்டார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சூடேறுவதில்லை, அதிர்வதில்லை. என் கோபமெல்லாம் அதோடு வந்த கையேட்டின் மீது. கீசர் இருக்கிற வீட்டில் இதை மாட்டினால் என்ன நடக்கும் என்று அதில் ஒரு வரி கிடையாது.

தானே ஓடும் பம்ப் என்றதும் எல்லாரும் கசிவைத்தான் தேடுவார்கள். தேட வேண்டியதும் அதைத்தான். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் நீலம் கலந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது என்று பொருள். என் வீட்டில் நிறம் தெரியவில்லை. குழாய்களும் சொட்டவில்லை. கடைசியில் தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கமிருந்து வரும் திருநெல்வேலிக்காரப் பிளம்பர் அண்ணாச்சிதான் விடையைச் சொன்னார். பம்ப் பக்கம் அவர் போகவே இல்லை. கீசருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கு ராத்திரி கீசரைப் போடாமப் படுத்துப் பாருங்க. மோட்டார் சத்தம் வராது."

வரவில்லை.

காரணம் பள்ளிக்கூடப் பாடம்தான். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 200 மில்லி விரிகிறது. கீசரின் சேஃப்டி வால்வுக்குள் இருக்கும் ஒருவழி அடைப்பு அதைக் குழாய்க்குத் திரும்ப விடாது. அழுத்தம் ஏறி, அந்தக் கூடுதல் தண்ணீர் வால்வு வழியே சொட்டி வெளியேறுகிறது. இது பழுதில்லை. அப்படித்தான் சொட்ட வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைத்து வைப்பது ஆபத்தான காரியம், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரவுக் குளியல் முடிந்து கீசரை அணைத்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல ஆறிச் சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்பக் குழாயிலிருந்து சில மில்லியாக இழுக்கிறது. தண்ணீர் நசுங்காது என்பதால், சில மில்லி குறைந்தாலே குழாயின் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள் என்று பம்ப் எடுத்துக்கொள்கிறது. விடியும் வரை இதே கதை.

தீர்வு ஒரு சின்ன பிரஷர் டேங்க். உள்ளே ரப்பர் பையும் காற்றும் கொண்ட இரண்டு லிட்டர் உருளை போதும். பம்புக்கு அடுத்து மாட்டினால் அரை லிட்டர் தண்ணீரை அழுத்தத்தோடு கையிருப்பாக வைத்துக்கொள்ளும். கீசர் இழுப்பதை அதுவே கொடுத்துவிடும், பம்ப் எழ வேண்டியதில்லை. குழாயில் தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக, என் வீட்டில் 15 பி.எஸ்.ஐ. அன்றிலிருந்து இரவுகள் நிம்மதியாக இருக்கின்றன. இந்த உருளையைப் பம்போடு சேர்த்தே விற்றிருக்க வேண்டும். விற்காத நிறுவனம் பாதிப் பொருளைத்தான் விற்கிறது என்பேன்.

ஃப்ளோ ஸ்விட்ச் வைத்த பம்ப் வாங்கியிருக்கலாமே என்று மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் கேட்டார். தண்ணீர் ஓடினால்தான் அது தொடங்கும். தொட்டிக்கு நேர் கீழே இருப்பவர்கள் வீட்டில், அதனுள் இருக்கும் மடலைத் தள்ளும் அளவுக்குக்கூட ஓட்டம் இருக்காது.

பம்ப் வந்ததும் கீசர் கெட்டுவிட்டது என்ற புகாரும் பல வீடுகளில் எழும். சமையலறையில் இருக்கும் மூன்று கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால் தண்ணீரை 14 டிகிரி சூடாக்கும். பம்ப் அதை ஆறு லிட்டராக்கினால் ஏழே டிகிரி. காயில் மாற்றாதீர்கள், கீழே இருக்கும் ஆங்கிள் வால்வைச் சற்றுத் திருகி ஓட்டத்தைக் குறையுங்கள். குளியலறை 15 லிட்டர் கீசரும் அப்படித்தான். அதிலுள்ள வெந்நீர் பச்சைத் தண்ணீரோடு கலந்து சுமார் 35 லிட்டர் குளியல் நீராகும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பொழிந்தால் நான்கு நிமிடம்கூடத் தாங்காது.

வீட்டில் ஹாட் டப் வைத்திருப்பவர்கள் படும் பாடும் இந்த வகைதான்: குறை ஓட்டத்தில், பழி ஹீட்டர் மீது. அங்கே ஃபில்டரில் அழுக்கு சேர்ந்து பம்பின் ஓட்டம் குறைந்தால், ஹீட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன் ஃபில்டரைக் கழுவிப் பார்க்க வேண்டும்.

மும்பையின் ஏரித் தண்ணீர் மென்மையானது. சென்னை போர் தண்ணீரில் கீசர் காயில் மீது படியும் சுண்ணாம்பு இங்கே அவ்வளவு வேகமாகப் படிவதில்லை. கோடையில் சொசைட்டி டேங்கர் வரவழைத்தால் கணக்கு மாறும். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ வருவது. டேங்கர் ஓடிய வருடத்தில் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அது கரைந்து தீர்ந்தால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பம்பை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மட்டுமே மாட்ட வேண்டும். மாநகராட்சிக் குழாயில் நேரடியாக வைத்து இழுப்பது விதிமீறல், பக்கத்து வீட்டுக்காரர் பங்கைப் பறிப்பதும்கூட. சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுங்கள்.

மேல் இரண்டு தளக்காரர்கள் தாராளமாக வாங்கலாம், பிரஷர் டேங்க் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டு. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொட்டியின் உயரமே ஒரு பார் வரை கொடுத்துவிடும். அவர்கள் ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு அடைப்பை நீக்கினாலே போதும்.