சொன்ன சொல்லும் சொல்லாத சொல்லும்

மேடைப் பேச்சுகள் பலவகை. திருமண அவையில் பேசுவது வேறு. தேர்தல் களத்தில் முழங்குவது வேறு. இவ்விரண்டினின்றும் வேறுபட்டது, நாடாளும் தலைவர் ஒருவர் செய்தியாளர்களை முன்னிருத்திக்கொண்டு பொதுநிலை பற்றி ஆற்றும் உரை. ஏனைய அவைகளில் கேட்போரோடு பேச்சு முடிந்துவிடும். செய்தியாளர் அவையிலோ, கேட்போர் எழுதுகோலை எடுத்த பிறகுதான் பேச்சின் பயணமே தொடங்குகிறது. மறுநாட் காலையில் செய்தித்தாளை விரிக்கும் நம் போன்றோரே அவ்வுரையின் உண்மையான அவையினர்.

இவ்வகை உரையை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? தெளிவோடு கூடிய கூற்று இடத்தின் தேவைக்கு இயைந்திருத்தலே சொல்வன்மை என்பது, அரபு மொழியின் ‘பலாகா’ கலை வகுத்த இலக்கணம். அவ்விலக்கணத்தைக் கையிற் கொண்டு, வாஷிங்டன் மாநகரில் 1908இல் தோன்றிய தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் நிகழ்ந்த இரண்டு உரைகளை ஆராய்வோம்.

முதலாவது, 1950 ஜனவரி 12ஆம் நாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் ஆற்றியது. சீனாவில் மாவோவின் ஆட்சி மலர்ந்து நான்கு திங்களும் நிறைந்திராத வேளை. ஆசியாவின் நெருக்கடியை விரிவாக எடுத்துரைத்த அமைச்சர், பசிபிக் கடலில் தம் நாட்டின் பாதுகாப்புக் கோட்டையும் வரைந்து காட்டினார். அலூசியன் தீவுகளில் தொடங்கி, ஜப்பான், ரியூக்யூ தீவுகள் வழியாகப் பிலிப்பைன்ஸ் வரை அக்கோடு சென்றது. தென்கொரியா அதனுள் அடங்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 25இல் வடகொரியப் படை தெற்கே புகுந்தது. போர்நிறுத்தம் கையெழுத்தாக 1953 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. அமைச்சரின் நாவே பகைவனுக்குக் கதவு திறந்துவிட்டது என்று எதிர்க்கட்சியினர் பல்லாண்டுகள் பழி கூறினர்.

இப்பழி முழுதும் நேர்மையானதா? ஒன்றைக் குறிப்பிட்டால் குறிப்பிடாத மற்றொன்று விலக்கப்பட்டதாகுமா என்பது, உசூல் கலை வல்ல அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்த வினா. அவ்வாறு எதிர்நிலைப் பொருள் கொள்வதை ஷாஃபிஈ அறிஞர்கள் சில நிபந்தனைகளோடு ஏற்றனர். ஹனஃபி அறிஞர்கள் மார்க்க வாசகங்களில் அதனை ஏற்றிலர். ஆயினும், ஒரு பெயரைச் சொன்ன அளவில் மற்றப் பெயர்கள் விலகிவிடமாட்டா என்பதே பெரும்பாலோர் முடிவு. அச்சிசனின் ஆதரவாளரும் இவ்வழியே நின்றனர். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட அந்தக் கோட்டினுள் இல்லையே, அவற்றையும் அமெரிக்கா கைவிட்டதென்று எவரேனும் கருதினரா என்று வினவினர்.

மேலும், கோட்டுக்கு அப்பாலுள்ள நாடுகள் பற்றியும் அமைச்சர் பேசாமலில்லை. தாக்கப்பட்ட மக்கள் முதலில் தாமே எதிர்த்து நிற்கவேண்டும். அதன்பின் ஐக்கிய நாடுகள் சாசனத்தின்படி உலகம் துணை நிற்கும் என்னும் கருத்தை அவர் சொல்லவே செய்தார். ஜூன் மாதத்தில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. அன்றியும், இதையொத்த கோட்டை ஜெனரல் மெக்கார்தர் 1949 மார்ச்சிலேயே ஒரு பேட்டியில் வரைந்து காட்டியிருந்தார். சோவியத் ஆவணங்கள் வெளிவந்த பின்னரும், ஸ்டாலின் போருக்கு இசைந்ததில் அச்சிசன் உரைக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த முடிவுக்கு வந்தாரில்லை.

எனினும், நாம் அவ்வுரையைக் குற்றமற்றதெனக் கொள்வதற்கில்லை. பெயர்களை அடுக்குவது வேறு, கோடு வரைவது வேறு. கோடு என்றவுடன் உள்ளும் புறமும் தோன்றிவிடுகின்றன. உரையின் முற்பகுதி கூரிய கோடாக இருந்தது. பிற்பகுதியோ பொதுவான உறுதிமொழியாகத் தேய்ந்தது. கூரியது செய்தித்தாளின் தலைப்பில் ஏறும், பொதுவானது கடைசிப் பத்தியில் ஒடுங்கும் என்பதைச் செய்தியாளர் முன் நிற்பவர் அறிந்திருத்தல் வேண்டும். கொரியா தாக்கப்பட்டால் துணை நிற்போம் என்று அந்த உறுதிமொழியில் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தால் பழிக்கு இடமே இருந்திராது. அவையறிந்து பேசுதல் என்பது முன்னிருப்போரை அறிவதோடு முடிவதன்று. அவர்கள் எதனைத் தூக்கிச் செல்வர், எதனை விட்டுச் செல்வர் என்பதையும் அறிதலாகும்.

இரண்டாவது உரை, 1959 செப்டம்பர் 16இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஆற்றியது. முன்னமே ஆயத்தம் செய்த உரை அமைதியாகவே சென்றது. வினா நேரம் வந்ததும் காட்சி மாறியது. ஸ்டாலினின் கொடுமைகளைக் கண்டித்த தாங்கள், அவை நடந்தபோது எங்கிருந்தீர்கள் என்னும் பொருள்பட ஒரு வினா எழுந்தது. தலைவர் சினந்தார், விடையளிக்க மறுத்தார். 1956இல் மேலைநாட்டுத் தூதுவர்களிடம் ‘உங்களைப் புதைப்போம்’ என்று அவர் சொன்ன சொல்லையும் எடுத்து வைத்தனர். வரலாற்றின் போக்கில் முதலாளித்துவம் மறைந்து பொதுவுடைமை அதனிடத்தைப் பெறும் என்பதே தம் கருத்தென அவர் விளக்கினார். உரை அவர் காட்ட விரும்பிய முகத்தைக் காட்டிற்று; வினாவோ அவர் மறைக்க விரும்பிய முகத்தைக் காட்டிற்று. விடையின்மையும் ஒரு விடையே என்பதை உலகம் அன்று கண்டது.

ஆகவே செய்தியாளர் அவையில் உரையினும் வினாவே உயர்ந்தது. அவ்வாறாயின், வினவும் உரிமை யாருக்கு இருந்தது என்று நாமும் வினவ வேண்டாமா? அம்மன்றம் 1971 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1950களின் நடுவில் அவர்களுக்கு மாடத்தில் இடம் தந்தனர். கீழே ஆண்கள் விருந்துண்டு வினாத் தொடுக்க, மேலே பெண் செய்தியாளர்கள் உணவின்றி, வினவும் உரிமையுமின்றி நெருக்கியடித்துக்கொண்டு குறிப்பெடுத்தனர். 1963 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டன் பேரணியை ஏற்பாடு செய்த ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் அம்மன்றத்திலேயே பேசினார். சமத்துவம் கோரும் தலைவர், பெண்களை மாடத்தில் ஒதுக்கும் அவையிற் பேசலாகுமா என்று பெண் செய்தியாளர்கள் கண்டித்தனர். அவர் பேச்சின் பொருள் உயர்ந்தது. அது நிகழ்ந்த இடமோ அப்பொருளை மறுத்து நின்றது. இடத்தின் தேவையென்று பலாகா நூலார் கூறியதை இவ்விடத்தும் பொருத்திப் பார்த்தல் தகும்.

இன்று இவ்வகை உரைகள் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் இல்லத்துள்ளேயே வருகின்றன. நம் பிள்ளைகள் தலைவரின் குரலை நேரிற் கேட்கின்றனர். இடையே எவருமில்லை என்றும் எண்ணுகின்றனர். அவர்களுக்கு மூன்று வினாக்களைக் கற்பிப்போம். இவர் எதைச் சொன்னார்? எதைச் சொல்லாது விடுத்தார்? அவரைக் கேள்வி கேட்க எவருக்கு இடமளிக்கப்பட்டது? மூன்றாம் வினாவுக்கு விடை ‘ஒருவருக்குமில்லை’ என்றிருக்குமாயின், கேட்டது எத்துணை இனிய தமிழாயினும் எத்துணை அழகிய ஆங்கிலமாயினும், அதனை விளம்பரம் என்று கொள்க. உரை என்று கொள்ளற்க.