வேதத்திற்குப் புறம்பான குரல்: மலையகக் கிறிஸ்தவமும் வெளிப்பாட்டுப் பிரச்சினையும்

இறைவன் வேதாகமத்திற்குப் புறம்பேயும் இன்று தம் அடியாரோடு பேசுகின்றாரா என்னும் வினா கிறிஸ்தவ சபைகளுக்குள்ளே நீண்ட காலமாக நிலவி வரும் ஒன்றாகும். அதற்குச் சபைகள் அளித்த விடைகளும் நாம் அறியாதன அல்ல. 1640களில் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கை, இறைவன் தம் சித்தத்தை வெளிப்படுத்திய முன்னைய முறைகள் யாவும் ஓய்ந்துவிட்டன என்றது. கத்தோலிக்கத் திருச்சபை வேதத்தோடு மரபுக்கும் இடமளித்தபோதிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டிலே, பொது வெளிப்பாடு என இனியொன்றை எதிர்பார்ப்பதற்கில்லை என்றே கூறிற்று. பெந்தகொஸ்தே சபையினரோ அவர் பேசுகிறார், நேற்றிரவும் பேசினார் என்பர். முற்போக்கு வாசகர் பலருக்கு இவ்விவாதம் முழுவதுமே வீணானதாகத் தோன்றலாம். பேசுபவரே இல்லையெனக் கொள்வோருக்கு, அவர் எங்கே பேசுகிறார் என்பது ஒரு பிரச்சினையாகாது.

நாம் அவ்வாறு கருதவில்லை. குரல் கேட்டதா இல்லையா என்பதைத் தீர்ப்பது எமது பணியன்று. ஆனால் குரல் கேட்டது என ஒருவர் சபை நடுவே எழுந்து நின்று கூறுவது ஒரு சமூக நிகழ்ச்சி. அதனை யார் கூறலாம், யார் கூறினால் அது தீர்க்கதரிசனம், யார் கூறினால் அது பேய்ச்சேட்டை என்பவற்றைத் தீர்மானித்தவை இறையியல் நூல்கள் மாத்திரமல்ல. பேராதனையிலிருந்து மகாவலியின் போக்குக்கு எதிராகச் சிறிது தூரம் தெற்கே சென்றால் வரும் கம்பளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனத்திற் கொண்டு நோக்கும்போது இவ்வுண்மை துலக்கமாகப் புலப்படும்.

கம்பளையை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் ஓர் அரசின் தலைநகராக விளங்கிய இந்நகரின் அருகே, சிங்காப்பிட்டியில், 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய கோப்பித் தோட்டமே இந்நாட்டின் பெருந்தோட்ட வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மலையகத் தமிழரின் வரலாறும் அங்கேதான் தொடங்குகிறது. முப்பது ஆண்டுகள் கழிந்து, 1854இல், இம்மக்களிடையே கிறிஸ்தவத்தைப் பரப்பும் பொருட்டுத் தமிழ்க் கூலி மிஷன் உருவாயிற்று. அப்பெயர் இன்று காதுக்கு உறுத்துவது. அன்று எவருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோட்டமாக நடந்தனர். மிஷனின் செலவிற் கணிசமான பங்கு தோட்டத்துரைமாரின் நன்கொடையாக வந்தது.

இங்கேதான் எமது முதலாவது ஐயம் எழுகிறது. வேதத்திற்கு உள்ளே, வேதத்திற்குப் புறம்பே என்னும் பாகுபாடு, கையிலே புத்தகத்தை வைத்துப் படிக்கக்கூடிய ஒருவரை முன்நிறுத்திச் செய்யப்பட்ட பாகுபாடாகும். லயத்து வாசலிலே மாலைப்பொழுதிற் குந்தியிருந்து உபதேசியார் வாசிப்பதைக் கேட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களுக்கு வேதம் ஒரு நூலாக வரவில்லை. ஒரு மனிதனின் குரலாகவே வந்தது. அக்குரலுக்குரியவரோ துரையின் அனுமதியோடும் கங்காணியின் சம்மதத்தோடும் தோட்டத்துக்குள் நுழைந்தவர். ஆகவே, ‘வேதம் மட்டும் போதும்’ என்ற கொள்கை நடைமுறையில் ‘உபதேசியார் சொல்வது மட்டும் போதும்’ என்பதாயிற்று. லூத்தரின் காலத்து ஐரோப்பாவிலே குருமாரின் அதிகாரத்துக்கு எதிராக எழுந்த கோட்பாடு, எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்குள் வந்தபோது வேறோர் அதிகாரத்தின் காவலாக மாறியமை மனங்கொள்ளத்தக்கது.

இன்னொன்றையும் சொல்லிச் செல்லலாம். வாசிக்கப்பட்ட வேதந்தான் எந்தத் தமிழ் வேதம்? சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பின்னர் பப்பிரிசியுவின் மொழிபெயர்ப்பு வந்தது. இரேனியுசு அதனைத் திருத்த முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்து, பலரால் ஏற்கப்படாது போயிற்று. பப்பிரிசியுவின் பக்கங்களிற் பராபரனாக இருந்தவர், பவர் குழுவினரின் பதிப்பிலே தேவனானார். இறைவனின் பெயரே மாறிவந்த ஒரு நூலுக்கு ‘உள்’ எது, ‘புறம்’ எது என்று அளந்து கோடு கிழிப்பது அவ்வளவு எளிதன்று.

வேதத்திற்குப் புறம்பான குரல் தமிழ்க் கிறிஸ்தவத்தில் முதன்முதலாகப் பெருமளவிற் பிரச்சினையான சந்தர்ப்பம் 1860ஆம் ஆண்டாகும். அதன் நாயகர் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, பாளையங்கோட்டையில் இரேனியுசுவிடம் கற்று, பின்னர் அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்பாரின் தொடர்பால், எந்த மிஷனிடத்தும் சம்பளம் பெறாது ஊழியஞ் செய்வதெனத் துணிந்தவர். கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்து வாழ்ந்த இவரைச் சூழ்ந்தோரிடையே 1860இல் ஓர் எழுச்சி தோன்றிற்று. மக்கள் தரிசனங் கண்டனர். அந்நிய பாஷை பேசினர். தீர்க்கதரிசனம் உரைத்தனர். பெண்களும் சிறுவரும் அவ்வாறு உரைத்தனர் என்பதை அருளப்பனின் நாட்குறிப்பால் அறிகிறோம். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே 1906இல் நிகழ்ந்ததே இத்தகைய எழுச்சிகளின் தோற்றுவாய் எனப் பொதுவாக எழுதப்படுகிறது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே தெற்குத் தமிழகத்தின் கிராமங்களில் இது நிகழ்ந்துவிட்டது. எமது ஆய்வாளர் இதிற் போதிய கவனஞ் செலுத்தாமை வருந்தத்தக்கது.

மிஷனரிமாருள் சிலர் இதனை ஆவியின் செயல் என வரவேற்றனர். வேறு சிலர் கட்டுமீறிய உணர்ச்சி என அஞ்சினர். அவர்களது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என நாம் கூறமாட்டோம். ஆனால் அஞ்சப்பட்டது எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். அருளப்பன் சம்பளம் பெறாதவர். ஆகவே சம்பளத்தை நிறுத்தி அவரை அடக்க இயலாது. அவரது சபையிற் பேசியவர்கள் குருப்பட்டம் பெறாதவர்கள், பெண்கள், படிப்பில்லாதவர்கள். வேதத்திற்குப் புறம்பே இறைவன் பேசுவதில்லை என்ற கொள்கை, இவர்கள் பேசலாகாது என்பதற்கும் மிக வசதியான கொள்கையாக இருந்தது. இறையியல் வாக்கியங்கள் இவ்வாறு இரட்டை வேலை செய்வதைச் சமய வரலாற்றிற் பலவிடத்துங் காணலாம்.

எனினும், இதனை ஒருபக்கமாகப் புகழ்ந்துவிட்டு நிற்பது விமர்சனமாகாது. அருளப்பனின் இயக்கத்தோடு தொடர்புற்று எழுந்த திருவிதாங்கூர் எழுச்சியிலே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்பார் தலைமை பெற்றார். ஆறு ஆண்டுகளில், 1881இல், கிறிஸ்து மீண்டும் வருவார் என 1875இல் அறிவிக்கப்பட்டது. அவர் வரவில்லை. அறிவித்தவர்கள் அதன் பின்னரும் யுயோமய சபை என்ற பெயரில் தமது அறிவிப்புக்கு வேறு விளக்கங் கூறித் தொடர்ந்தனர். எழுதப்பட்ட நூலின் கூற்றைச் சரிபார்க்க வரிகள் உண்டு. கேட்ட குரலைச் சரிபார்க்கக் கேட்டவரையன்றி வேறு சான்றில்லை. பழைய சபைகள் வேதமே எல்லை என வற்புறுத்தியதில் உள்ள நியாயம் இதுவே. இந்நியாயத்தை முற்போக்காளர் கவனிக்கத் தவறலாகாது. ஏனெனில், சான்று கேட்கும் உரிமை சாதாரண மனிதனுக்குரிய பாதுகாப்புமாகும்.

இலங்கையில் இக்குரலின் வரலாறு ஒரு வேலைக்காரரிடமிருந்து தொடங்குகிறது எனலாம். கேரளத்திற் பிறந்து, இளமையிலேயே இங்கு வந்து, கொழும்பிலே ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் வீட்டிற் பணியாளாக இருந்த இராமன்குட்டி, கிறிஸ்து தமக்குத் தோன்றிப் பேசினார் என்றார். போல் எனப் பெயர் பெற்ற அவர், ஆல்வின் டி அல்விஸ் முதலானோருடன் சேர்ந்து 1920களிலே இலங்கைப் பெந்தகொஸ்தே மிஷனைத் தோற்றுவித்தார். தமிழகத்திலும் அதற்கப்பாலும் பரவிய இச்சபை, ஐரோப்பிய மிஷன் எதற்கும் கட்டுப்படாது இம்மண்ணில் உருவானது என்பது முக்கியமானது. மேசையருகே நின்று பரிமாறியவரிடம் இறைவன் பேசினார் என்பது சிறிய செய்தியன்று. ஆயின், பின்னர் நிகழ்ந்தது என்ன? விசுவாச வீடுகள் எழுந்தன. ஊழியர் மணம் புரியலாகாது, வெள்ளுடையே உடுத்தல் வேண்டும், மருந்து உட்கொள்ளலாகாது என விதிகள் இறுகின. புத்தகத்தின் எல்லையைத் தாண்டி வந்த குரல், தானே ஒரு புத்தகமாயிற்று. தாபனமாகும் எந்த இயக்கத்துக்கும் நேர்வதே இது என்று கூறி அமையலாம். ஆனால் மருந்து மறுக்கப்பட்ட நோயாளியின் பக்கத்திலிருந்து பார்ப்போர் அவ்வளவில் அமையார்.

இனி மலையகத்துக்கு வருவோம். கம்பளை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பகுதிகளின் ஜெபக்கூட்டங்களைப் பற்றிப் பேசும் எமது நண்பர்கள், ‘பழைய சாமியாட்டமே புதிய வடிவிற் தொடர்கிறது’ என எளிதாகச் சொல்லிவிடுவர். மாரியம்மன் திருவிழாவிலே அருள் வந்து குறி சொல்பவருக்கும், ஜெபக்கூட்டத்திலே தீர்க்கதரிசனம் உரைப்பவருக்கும் ஒற்றுமை இல்லாமலில்லை. இரண்டிலும் குரல் ஒருவரைப் பெயர்சொல்லி விளிக்கிறது. மகனின் குடியை, மகளின் பிள்ளையின்மையை, கடனை அது அறிந்திருக்கிறது. உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான வேதம் இன்னாரின் மகள் இன்னார் என அறியாது, குறி அறியும். பெயர்ப்பதிவேட்டில் ஓர் இலக்கமாகவும், பெரட்டுக்களத்தில் ஒரு தலையாகவும் எண்ணப்பட்டவர்களுக்குப் பெயர்சொல்லி அழைக்கும் குரல் எவ்வளவு பெரிது என்பதை நாம் உணர்தல் வேண்டும். ஆனால் வேறுபாடும் உண்டு. சாமியாடுதல் பெரும்பாலும் திருவிழாக் காலத்துக்கும் குறிப்பிட்ட சிலருக்கும் உரியது. தோட்டத்தின் சாதி அடுக்கையும் தலைவரின் மரியாதையையும் பொதுவாக அது குலைப்பதில்லை. ஜெபக்கூட்டத்திலோ வாரந்தோறும், யாரும் எழலாம். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் எழுந்து, ‘கர்த்தர் என்னோடே பேசினார்’ எனத் தன் சாட்சியைத் தொடங்கும்போது அங்கிருக்கும் ஆண்கள் மௌனமாகக் கேட்கிறார்கள். தோட்டத்தில் வேறெங்கும் அவளுக்கு அந்த மௌனம் கிடைப்பதில்லை.

அம்மௌனத்தில் அவள் எதைச் சொல்கிறாள் என்பதே எமது அடுத்த வினா. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என விட்டது. மலைநாட்டிலிருந்து கம்பளை வழியாகத் தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்குமாகப் பிரிக்கப்பட்ட அக்காலத்திலே, நோய்க்கும் கடனுக்கும் விடை சொன்ன குரல், ஒப்பந்தத்தைப் பற்றி என்ன சொல்லிற்று? நாம் கேட்டறிந்த சாட்சிகளில் அது பெரும்பாலும் பயணத்துக்குக் காவலைத்தான் வாக்களித்தது. பயணம் ஏன் என்று கேட்கவில்லை. ஒப்பாரிப் பாடல்கள் அக்கேள்வியைக் கேட்டன.

இக்கேள்வியைக் கிறிஸ்தவத்துக்குள் எழுப்பியவர்கள் வேறு திசையிலிருந்து வந்தனர். பாதிரியார் போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியிலே சத்தியோதய நிலையத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தம் ஆய்வுக்கும் செயலுக்கும் களமாக்கினார். காலத்தின் அறிகுறிகளை வாசித்தல் வேண்டும் என்ற வத்திக்கான் சங்கத்தின் சிந்தனை இத்தகையோருக்கு ஊக்கமளித்தது. வறியவரின் வரலாற்றில் இறைவன் பேசுகிறார் என்பது இவர்களது நிலைப்பாடு. கூர்ந்து நோக்கின் இதுவும் வேதத்தின் பக்கங்களுக்கு வெளியே ஒரு குரலைக் கேட்பதுதான். பெந்தகொஸ்தே ஊழியரும் விடுதலை இறையியலாளரும் ஒருவரையொருவர் ஏற்கமாட்டார்கள். எனினும் வெஸ்ற்மின்ஸ்ரர் அறிக்கையின் முன்னே இருவரும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள். இரண்டாம் வகையினரும் தண்டனைக்குத் தப்பவில்லை. திஸ்ஸ பாலசூரிய 1997இல் திருச்சபையினின்றும் விலக்கப்பட்டு, மறு ஆண்டே மீளச் சேர்க்கப்பட்டார். புத்தளை அருகே கிராம மக்களோடு வாழ்ந்த மைக்கல் றொட்றிகோ 1987இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

எமது அனுதாபம் இவர்கள் பக்கமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. காலத்தின் அறிகுறிகளை வாசித்தவர்கள் யார்? பெரும்பாலும் உயர்கல்வி பெற்ற குருமார். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். தொழிலாளி அங்கே வாசிக்கப்படும் அறிகுறியாக இருந்தார். வாசிப்பவராக அரிதாகவே இருந்தார். ஜெபக்கூட்டத்திற் குரல் அவளுடையது, ஆனால் அவளது கூலி அதில் இல்லை. ஆய்வு நிலையத்தின் ஏட்டிலே அவளது கூலி உண்டு, குரல் இல்லை. 2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த பயணத்திலே கிறிஸ்தவ சபைகளைச் சார்ந்தோரும் நடந்தனர். அவ்வழியில் இவ்விரண்டும் ஒரு சிறிதேனும் சந்தித்தனவா என்பது ஆராயத்தக்கது.

இலக்கிய மாணவராகிய எமக்கு இங்கு ஒரு கடமை உண்டு. மலையக மக்களின் நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல இன்று நமக்கு எஞ்சியிரா. சாட்சி என்பதும் அவ்வாறான ஒரு வாய்மொழி வடிவமே. அதற்கெனத் தொடக்க வாய்பாடு உண்டு, தாழ்வும் திருப்பமும் உண்டு, கேட்போர் இடையிட்டுச் சொல்லும் ‘ஆமென்’ உண்டு. தெளிவத்தை ஜோசப் போன்ற கிறிஸ்தவப் பின்னணியுடைய எழுத்தாளர் தோன்றிய மலையகத்தில், நாம் படித்தவரையில், இவ்வடிவம் ஓர் ஆய்வுப் பொருளாகவில்லை. மூடநம்பிக்கை எனச் சிலரும், புனிதமானது எனச் சிலரும் அதனைத் தீண்டாது விட்டனர். கம்பளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, ஒப்பாரிக் கோச்சியில் உறவினரை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து அன்றிரவு ஜெபத்தில் அமர்ந்த பெண்கள் முதுமையெய்தி இன்னும் இருக்கிறார்கள். அந்த இரவிலே தங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்வதற்கு எமது மாணவருக்கு அரை நாட் பயணமே போதும்.