டி டிரைவுக்கு மாத்தினா போதுமா?

கம்ப்யூட்டரை ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி “சி-யில இருக்கறத டி-க்கு மாத்திக்கோங்க” என்பதே நம்ம ஊர்ல வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. அரைகுறை யோசனை என்பேன். பெரும்பாலும் ரெண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க். டிஸ்க் போனால் ரெண்டும் போச்சு. தமிழ்க் கோப்புகளுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கோயில் வரலாறு, கும்மிப்பாட்டு என்று சேகரித்த பலர் டி.டி.பி. கடைகளில் பாமினி மாதிரி எழுத்துருக்களில்தான் அடித்து வாங்கினார்கள். பாமினியில் ‘ம்’ என்பது உள்ளே ஓர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருப்பதோ சி-யில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். ஃபார்மேட் அதைத் துடைத்துவிடும். கோப்பு டி-யில் பத்திரமாக இருக்கும். திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். கெட்டுப்போச்சுன்னு அழிச்சிடாதீங்க! வேர்டில் எழுத்துருப் பெட்டியைப் பாருங்க, பழைய பெயர் அங்கேயே நிற்கும். அந்த எழுத்துருவைத் தேடி நிறுவினால் பாட்டு திரும்ப வந்துடும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் (பெயரில்தான் மதுரை, நடத்திய கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில்) இதைச் சரியாகப் பிடித்தது. நகலெடுத்து வைப்பதோடு நிற்காமல், நூல்களைத் திஸ்கியிலும் பிறகு யூனிகோடிலும் வெளியிட்டார்கள். நாமும் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து வெளி டிஸ்கில் வைத்து, யூனிகோடு பிரதி ஒன்றும் எடுக்கணும். மாற்றியில் போட்டால் இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். மூலத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்க.