தரிசு என்றொரு சொல்

கல்லூரிப் பட்டிமன்றம் ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். அரசு பணம் போட வேண்டியது சூரிய மின்சக்தியிலா, நிலக்கரியிலா என்பது தலைப்பு. இரண்டு அணிகளும் யூனிட் விலையையும் மெகாவாட்டையும் அடுக்கின. சூரியனுக்கே தீர்ப்புச் சொன்னேன். வீடு திரும்பிய பிறகும் வென்ற அணி மாணவி ஒருத்தி சொன்னது உறுத்திக்கொண்டிருந்தது: "தரிசு நிலத்துலதானே பேனல் வைக்கிறாங்க, யாருக்கு என்ன நட்டம்?"

தீர்ப்பை இன்றும் மாற்ற மாட்டேன். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. அந்த ஆற்றில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருளர் பெண்கள். சாம்பல் படிந்தது அவர்களுடைய வேலைத்தளத்தில். ஆறும் கழிமுகமும் அரசுக் கணக்கில் புறம்போக்கு. எல்லோருக்கும் பொதுவானதைக் குறித்த அந்தச் சொல் நம் வாயில் வசவாகிவிட்டது. 2017-இல் டி. எம். கிருஷ்ணா எண்ணூருக்காகப் பாடிய பாடல் அதைத்தான் நினைவூட்டியது.

நிலக்கரிக்குப் புறம்போக்கு உதவியது. சூரியனுக்குத் தரிசு உதவுகிறது.

2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. பயிரில்லாத நிலம் என்றால் அந்தச் சீமையில் வேலையில்லாத நிலம் என்று பொருளல்ல. சொந்த நிலமில்லாத பெண்கள் அங்கேதான் ஆடு மேய்ப்பார்கள், விறகு பொறுக்குவார்கள், கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டுவார்கள். நிலம் விற்றால் பட்டாக்காரருக்குப் பணம் வரும். மேய்த்தவளிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. கமுதியில் பேனலின் தூசியைத் துடைப்பதும் இயந்திரம்தான். கூட்டிப் பெருக்கும் வேலைகூட மிஞ்சவில்லை.

பிள்ளை பெறாதவளை மலடி என்ற அதே கண்தான் நிலத்தைத் தரிசு என்கிறது. பாலையைத் தனி நிலமாக இளங்கோ சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து எடுக்கும் வடிவம் என்றே சொன்னார். வகுப்பில் இதை வருடாவருடம் நடத்துகிறேன். நிலம் ஏன் திரிந்தது, யார் திரித்தார்கள் என்று கேட்காமல் பெயர் மட்டும் வைக்கும் பதிவேட்டை நாம் ஏன் அப்படியே நம்ப வேண்டும்?

மேய்ச்சல் நிலத்தைத் தின்னாத வழியும் உண்டு. 2011-இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் 300 சதுர அடியில் சூரிய விளக்கோடு கட்டப்பட்டன. 2024-இல் ஒன்றிய அரசு ஒரு கோடி வீட்டுக் கூரைகளுக்கு, வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் மானியம் பெறச் சொந்தக் கூரை வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவளுக்கும், வீடு கணவன் பேரிலோ மாமனார் பேரிலோ இருப்பவளுக்கும் அது எந்தக் கூரை?

அரசு சூரியனில் பணம் போடட்டும். போடுமுன் அந்த நிலத்தில் மேய்த்தவள், வெட்டியவள், பொறுக்கியவள் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். இழப்பீட்டிலும் வேலையிலும் அவர்களுக்குப் பங்கு தரட்டும். பள்ளி, அங்கன்வாடிக் கூரைகளில் விளையும் மின்சாரத்தில் கூரையில்லாதவளுக்கும் ஒரு பங்கு எழுதட்டும்.

அந்த மாணவியிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்: நட்டம் யாருக்கு என்ற உன் கேள்வி சரியானது. பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிட்டாய். மணி அடித்து உன்னை உட்கார வைத்தவள் நான்தான்.