மீனாவும் புத்தளக் கரையோரமும்: சிறுவர் சித்திரப் பாத்திரம் ஒன்றின் ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

சிறுவருக்கென ஆக்கப்படும் சித்திரப் பாத்திரங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வலுப்பெறவில்லை. நாவலொன்றின் தலைமைப் பாத்திரத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நுணுகி ஆராயும் நாம், குழந்தை நாள்தோறும் காணும் கோட்டுருவத்தை வெறும் விளையாட்டுப் பொருளென ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின் எழுத்தறிவதற்கு முன்னரே குழந்தை உருவங்களை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. எவர் நடுவே நிற்கிறார், எவர் ஓரத்தில் நிற்கிறார், எவருடைய உடை இயல்பானது, எவருடைய பேச்சு நகைப்புக்குரியது என்பனவற்றை அது இவ்வுருவங்கள் வழியாகவே முதலிற் கற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரு பாத்திரத்தின் மூக்கும் உடையும் பெயரும் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டன என்ற வினா சமூகவியல் வினாவும் ஆகும்.

இவ்வினாவைப் புத்தள மாவட்டக் கரையோரத்தில் நின்று எழுப்புதற்குக் காரணம் உண்டு. ஈழத்துத் தமிழ்ச் சிறுவரின் கண்முன் வந்த உருவங்களுட் பெரும்பாலானவை இப்பகுதிக்கு வெளியே பிறந்தவை. 1947 ஜூலையிற் சென்னையிலே தொடங்கிய 'அம்புலிமாமா' இங்கும் பரவலாகப் படிக்கப்பட்டது. 1952இல் அங்குச் சேர்ந்த ஓவியர் சங்கர் வரைந்த, தோளிற் பிணத்தைச் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனின் தோற்றம் பல தலைமுறைகளின் மனத்திற் பதிந்தது. ஈழத்தில், 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர் படைத்த சவாரித்தம்பர் யாழ்ப்பாணக் கிராமத்தின் பேச்சையும் மனப்பாங்கையும் தாங்கி நின்றார். அவர் வளர்ந்தோருக்கான பாத்திரமாயினும் சிறுவரும் அவரை அறிந்திருந்தனர். ஒன்று அரச கதை மரபின் உருவம். மற்றையது வடபுலத்து உருவம். கற்பிட்டியிலும் உடப்பிலும் முந்தலிலும் வளரும் குழந்தை இவ்விரண்டையும் இரசிக்கலாம். தன் முற்றத்தை இவற்றுட் காணமாட்டாது.

இந்நிலையில், ஒரு பரந்த நிலப்பரப்பின் எல்லாச் சிறுவருக்கும் உரியவளாகத் திட்டமிட்டே ஆக்கப்பட்ட ஒரு பாத்திரத்தை ஆராய்தல் பயன்தரும். அவள் மீனா.

சார்க் நாடுகள் 1990ஆம் ஆண்டைப் பெண் குழந்தைக்குரிய ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையான காலத்தைப் பெண் குழந்தைக்குரிய தசாப்தமாகவும் பிரகடனம் செய்தன. அதனையொட்டி டாக்காவிலிருந்த யுனிசெப் அலுவலகத்தில், நீல் மக்கீ என்பாரின் முன்முயற்சியில் மீனா உருவாகத் தொடங்கினாள். உருவத்தை அமைத்தவர் பம்பாய் ஓவியர் ராம் மோகன். 1956இல் இந்திய அரசின் திரைப்படப் பிரிவிலே கார்ட்டூன் கலையிற் புகுந்த அவர் (இறப்பு 2017), அத்துறையில் இந்தியாவின் முன்னோடியாகக் கருதப்படுபவர். முதற்படம் மணிலாவிலிருந்த ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் கலைக்கூடத்தில் வரையப்பட்டது. டாக்காவில் எண்ணம், பம்பாயிற் கோடு, மணிலாவில் உழைப்பு என்னும் இவ்வேலைப் பிரிவினை மனங்கொள்ளத்தக்கது.

மீனாவின் ஆக்கத்தில் முதன்மையான புதுமை, ஓவியரின் மேசைக்கும் கிராமத்துத் திண்ணைக்குமிடையே வரைபடங்கள் போய்வந்தமையாகும். வங்காளதேசம், இந்தியா, நேபாளம், பாக்கிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளிலே குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் குழுக் கலந்துரையாடல்கள் நடத்தப்பட்டன. முகம் எவ்வாறிருத்தல் வேண்டும், எவ்வுடை பொருந்தும், எப்பெயர் எல்லோருக்கும் ஏற்புடையது என அவர்களிடமே கேட்டறிந்து உருவம் திருத்தப்பட்டது. நாட்டுக்கு நாடு உடை வேறுபட்டமையால், எவரும் மறுக்காத சட்டையும் நீண்ட பாவாடையும் தெரிவாயின. 'மீனா' என்னும் பெயர் வடமொழி வழியில் மீனைச் சுட்டும்; பாரசீக, உருது வழக்கில் வண்ணப் பூச்சு வேலைப்பாட்டைச் சுட்டும். இரு சமயத்தாரும் தமதெனக் கொள்ளக்கூடிய பெயர் அது. ஒன்பது வயதுச் சிறுமி, தம்பி ராஜு, மிட்டு என்னும் பேசும் கிளி: இவ்வளவே கதையின் மையம். மக்களுக்காக எழுதுவதாகக் கூறும் எழுத்தாளருள் எத்தனைபேர் அச்சேறுமுன் மக்களிடம் இவ்வாறு கேட்டிருப்பர் என்பது நாம் எம்மையே வினவிக்கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

உருவத்தின் எளிமைக்கு உற்பத்தி நிலைமையும் காரணமாகும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். பத்து நிமிடம் ஓர் உருவம் இடையறாது அசைவதாயின் 7,200 சித்திரங்கள். மீனாவின் பாவாடையிற் கட்டங்களோ பூக்களோ இருந்திருப்பின் அவை ஒவ்வொன்றும் அத்தனை முறை கையால் வரையப்பட்டிருக்க வேண்டும். பெரிய தலை, அகன்ற கண், தெளிந்த புறக்கோடு, வெறும் நிறம் என்பன அழகியல் தெரிவாகத் தோன்றினும், அவற்றின் பின்னே வரைவோரின் கைவேலையும் செலவுக் கணக்கும் உள்ளன. மீனவரின் கட்டம் போட்ட சாரம், சிறுமியின் பூச்சட்டை, நெய்த பாய், வலையின் கண்கள் என நமது கரையோரத்தின் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் யாவும் இத்தகைய உற்பத்தி முறையில் முதலில் நீக்கப்படுபவை. இன்று கணினி இத்தடையைப் பெரிதும் தளர்த்திவிட்டது. ஆதலின், விவரங்களைத் தவிர்த்தல் இன்று கட்டாயம் அன்று, தெரிவே ஆகும்.

எல்லோருக்கும் பொதுவாகும்பொருட்டு ஒரு பாத்திரம் எதனை இழக்கின்றது? மீனாவின் ஊருக்குப் பெயரில்லை. அங்கு வயல் உண்டு, மாமரம் உண்டு, கோழியும் பசுவும் உண்டு. அது உழவுக் கிராமத்தின் பொதுவுரு. பெயரிலே மீனைக் கொண்ட சிறுமியின் உலகு பசுவையும் கோழியையும் சுற்றியே அமைகிறது; கடல் அதன் மையத்தில் இல்லை. புத்தளம் என்னும் பெயரையே 'புது அளம்', அதாவது புதிய உப்பளம், என விளக்குவர். களப்பும் உப்பளமும் கருவாட்டுப் பரணும் கொண்ட ஒரு பகுதியின் குழந்தைக்கு, தென்னாசியா முழுவதற்கும் பொதுவெனப்படும் இக்கிராமம் ஓர் அயலூரே. முதற்கட்டக் கலந்துரையாடல்கள் நடந்த நான்கு நாடுகளுள் இலங்கை இல்லை என்பதையும் இங்கு நினைவுகொள்ளல் தகும். பெயரும் இங்கு வேறு பொருள் பெறுகிறது. வடநாட்டில் இரு சமயத்துக்கும் பொதுவான 'மீனா', தமிழ்ச் செவிக்கு மீனாட்சியின் சுருக்கமாகவே ஒலிக்கும். புத்தளத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களில் அது வழக்கமான பெயரன்று. எல்லைகளைக் கடக்கத் தெரிந்தெடுத்த பெயரே இங்கு ஓர் எல்லையைக் காட்டிவிடுகின்றது.

இனிக் கதைகளுக்கு வருவோம். முதற்கதையில், பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா தன் கிளியை அங்கு அனுப்பி, அதனிடமிருந்து எண்ணக் கற்று, கோழிகளை எண்ணித் திருட்டைக் கண்டறிகிறாள். 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையிலுள்ள நம் நாட்டிற் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. இக்கதையின் கூர்மை இங்குச் சற்று மழுங்கக்கூடும். மாம்பழக் கதையோ அவ்வாறன்று. மீனா பறித்த மாம்பழத்திற் பெரிய பங்கு தம்பிக்குப் போகின்றது. இருவரும் ஒருநாள் தம் வேலைகளை மாற்றிக்கொள்ள, அக்காளின் உழைப்பு எத்தகையது என்பதைத் தம்பி தன் உடம்பால் அறிந்துகொள்கிறான். விடியுமுன் எழுந்து மீன் கழுவி, உப்பிட்டு, பரணிற் காயவைத்து, காகம் ஓட்டும் பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறாத கரையோரத்துக்கு இக்கதை நேரடியாகப் பொருந்தும்.

ஆனால் 'பங்கு' என்னும் சொல் இக்கரையிற் பிறிதொரு பொருளையும் உடையது. கரைவலை இழுத்து முடிந்ததும் மணலிலே பங்கு பிரிக்கப்படும். வலையும் தோணியும் உடைய சம்மாட்டிக்கு ஒரு கணக்கு. தோள் தேய இழுத்தவனுக்கு வேறொரு கணக்கு. இதனைப் பார்த்து வளரும் குழந்தை, மாம்பழக் கதையைக் கண்டதும் இயல்பாகவே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: வீட்டுக்குள் நடக்கும் பிழையான பங்கீட்டைத் திருத்தலாமெனில், கரையில் நடப்பதனை என் செய்வது? மீனா இக்கேள்வியை எழுப்புவதில்லை. அவளுடைய கதைகளில் வறுமை சூழ்நிலையாக வருகிறது. எவ்வாறு வந்தது என்ற வினா எழுவதில்லை. நல்ல ஆசிரியையும் மனம் திருந்தும் தந்தையும் கிடைத்துவிட்டாற் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. அரசுகள் அனைத்தும் ஏற்கவேண்டிய பாத்திரம் இதற்கப்பாற் செல்லல் அரிது. உடையைப் போலவே முரண்பாடும் எவரும் மறுக்காத அளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளது.

இக்குறையை எடுத்துக்காட்டி மீனாவை 'உதவி நிறுவனப் பிரசாரம்' எனத் தள்ளிவிடுவோர் நம்மிடையே இருப்பின், அது முற்போக்காகாது. சம்மாட்டிக்கும் வலை இழுப்பவனுக்குமிடையிலான பங்கை மட்டும் பேசி, வலை இழுப்பவனின் வீட்டிலே தட்டுகளுக்கிடையிலுள்ள வேறுபாட்டைக் காணாதிருந்த குறை நம் முற்போக்கு எழுத்துகள் பலவற்றுக்கு உண்டு. அங்கே பெண் பெரும்பாலும் கண்ணீரோடு காத்திருந்தாள். மீனா எண்ணினாள், கேட்டாள், ஓடினாள். ஒன்பது வயதுச் சிறுமியைச் செயலின் மையத்தில் நிறுத்திய அளவில் அவள் நம் சிறுகதைத் தலைவியர் பலரினும் முன்னே நிற்கிறாள். இரண்டு பங்கீடுகளையும் ஒரே கதையிற் காண்பதே இனிச் செய்யவேண்டிய பணியாகும்.

அத்தகைய பாத்திரம் ஒன்று இக்கரையோரத்திற் பிறக்குமாயின் அதன் அமைப்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? மூன்று கருத்துகளைக் கூறலாம்.

முதலாவது, ஊர் பற்றியது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தள மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். முகாம்களிற் பிறந்த பிள்ளைகளுக்கு 'ஊர்' என்பது பெற்றோரின் பேச்சில் மட்டும் இருந்த இடம். பருவத்துக்குப் பருவம் வாடிகளுக்குப் பெயரும் மீனவர் பிள்ளைகளும் இங்குளர். 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி இக்கரையில் எளிய கேள்வியன்று. ஆகவே பின்னணிச் சித்திரத்தைப் பெயரற்ற நிலையான கிராமமாக வரைவது இப்பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடும். உடப்பின் திரௌபதை அம்மன் கோயிலும், தலவில புனித அன்னாள் ஆலயமும், கற்பிட்டியின் பள்ளிவாசலும் ஒல்லாந்தர் கோட்டையும் அருகருகே அமைந்த நிலப்பரப்பிது. அடையாளங்களைத் துடைத்தெடுப்பதாற் பெறும் பொதுமையினும், எல்லா அடையாளங்களும் ஒரே களப்பையும் ஒரே காற்றையும் பகிர்ந்துகொள்வதாற் பெறும் பொதுமை வலியது.

இரண்டாவது, பேச்சு. சித்திரப் பாத்திரத்தின் பாதி அதன் குரல். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், டைட்டஸ் தொட்டவத்த அந்நிய நாட்டு முயலான பக்ஸ் பனியைச் சிங்களப் பேச்சின் உயிரோட்டத்தால் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கி, இந்நாட்டுச் சிறுவருக்கு உரியதாக்கிக் காட்டினார். நமது பாத்திரம் எத்தமிழிற் பேசும்? சென்னைத் திரைத் தமிழும் வானொலித் தமிழும் எளிதிற் கிடைப்பவை. புத்தளத்து முஸ்லிம்களின் பேச்சும், உடப்பு மக்களின் பேச்சும், தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்திற் கலக்கும் கரையோரக் குடும்பங்களின் பேச்சும் நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுத்தப்படாமல் தலைமைப் பாத்திரத்தின் வாயில் ஏறுதல் வேண்டும். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் அசைவுக்கு வேண்டிய தாளத்தை ஆயத்தமாகவே வைத்திருக்கிறது.

மூன்றாவது, துணைப் பாத்திரம். கற்பிட்டி என்றதும் இன்று ஓவியரின் கை ஓங்கிலை வரையவே போகும். அது சுற்றுலாப் படகிலிருந்து காணும் கடல். கரையிலிருந்து காண்பவனுக்கு நெருக்கமான விலங்கு, ஒருகாற் பொதி சுமந்து, இன்று புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தெருவோரத்திற் கேட்பாரற்றுத் திரியும் கழுதையாகும். மீனாவுக்குக் கிளி அறிவைக் கொண்டுவந்தது. வசைச் சொல்லாகவே தமிழில் வழங்கும் இவ்விலங்கு ஒரு சிறுமியின் பக்கத்தில் நின்று விவேகம் பேசுமாயின், உழைத்த பின் கைவிடப்படுதல் என்னும் அனுபவத்தைக் குழந்தைக்குப் பாடம் நடத்தாமலே உணர்த்தலாம்.

இவை யாவும் ஓர் ஓவியர் தனித்திருந்து முடிக்கக்கூடியவை அல்ல. மீனாவின் ஆக்கத்திலிருந்து நாம் கடன்கொள்ளவேண்டியது அவளுடைய உருவத்தையன்று. கேட்டுத் திருத்தும் அம்முறையையே. யுனிசெப் போன்ற நிறுவனத்தின் வளம் அதற்கு இன்றியமையாதது அன்று. உடப்பிலும் கற்பிட்டியிலும் ஆலங்குடாவிலும் உள்ள பாடசாலைகள், சித்திர ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர் சிலர், ஒரு கட்டுத் தாள் ஆகியவற்றோடு முதற்படியை எடுத்துவைக்கலாம். வரைந்த முகத்தைப் பிள்ளைகளிடம் நீட்டி, 'இவள் யாருடைய பிள்ளை, எந்த ஊர்?' எனக் கேட்கவேண்டும். உடப்புப் பிள்ளையும் கற்பிட்டிப் பிள்ளையும் முகாமில் வளர்ந்தவரின் பிள்ளையும் ஒவ்வொருவராக 'எங்கள் ஊர்தான்' எனச் சொல்லும்வரை கோடுகள் திருத்தப்படல் வேண்டும்.